கைகாட்டிக்கு இந்தப் பக்கம்

இங்கன உக்காரு தாயி. அந்தப் பெஞ்சுல காக்கா எச்சம். பையைக் கீழ வைக்காத, எறும்பு ஏறும். என் பெட்டி மேல வை. மெட்ராஸ் வண்டிக்குத்தானே? நானும் அதுக்குத்தான். லேட்டுன்னு மைக்குல சொல்லுது. எவ்வளவு லேட்டுன்னு சொல்லாது. பேசுதது மிசினு, அதுகிட்டப் போயி என்னத்தைக் கேக்க? அந்தா, அந்தக் கடைசி லைட்டு பச்சையாயிட்டா பாரு. எனக்குக் கண்ணு அம்புட்டுத் தூரம் எட்டாது. இன்னும் சிவப்பா? சரி, கிடக்கட்டும் சவம்.

உனக்குச் சீட்டு உறுதியாகலையா? அடப் பாவமே. பொம்பளைப் பிள்ளை விடியுற வரைக்கும் நின்னுக்கிட்டா போவ? ஏறு, பாத்துக்கிடலாம். எனக்கு என் மக முத்துமாரி ஜன்னல் ஓரமா எடுத்துக் குடுத்திருக்கா. நான் சின்ன உடம்பு, காலை மடக்கிக்கிட்டேன்னா நீயும் உக்காரலாம்.

என்னடா கிழவி இப்படித் தவிக்காளேன்னு பாக்குதியா? தவிப்புத்தான். இன்னைக்கு இந்த ஊர்ல காப்புக் கட்டுதாக. உனக்கு அந்த விவரமெல்லாம் தெரியுமோ என்னமோ. மாரியம்மனுக்குப் பங்குனிப் பொங்கல். மஞ்சக் கயித்துல வேப்பிலையை முடிஞ்சு அம்மன் கையில கட்டிட்டாகன்னு வையி, அதுக்கப்புறம் பொங்கல் முடியுற வரைக்கும் ஊர்க்காரங்க யாரும் எல்லை தாண்டி ராத்தங்கப்படாது. போலாம், வரலாம், இருட்டுறதுக்குள்ள வீடு வந்து சேரணும். காப்புக்கு முந்தியே கிளம்பிட்டவுகளுக்கு ஒண்ணும் கிடையாது. அதான், வண்டி முந்துதா காப்பு முந்துதான்னு உக்காந்திருக்கேன்.

பொங்கல் முடிஞ்சு போலாமேங்கியா? எல்லாரும் அதைத்தான் சொல்லுதாக. பொங்கல் முடிஞ்சா மறுபூசை, மறுபூசை முடிஞ்சா யார் வீட்டுலயாவது சடங்கு, அப்புறம் ஒரு சாவு, அப்புறம் ஆடி. இப்படியே என் ஆயுசு போச்சு. இன்னைக்குப் போகலைன்னா நான் எப்பவுமே போகமாட்டேன். எனக்குத் தெரியும். இந்த வண்டி என்னை ஏத்திக்கிட்டுப் போயிரணும், அம்புட்டுத்தான். ஒரேயடியாப் போறேன். வீட்டைப் பூட்டிச் சாவியைப் பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன்.

எனக்கு இந்த ஊரைப் பிடிக்காது. ஒளிச்சுப் பேசுதது என் வழக்கம் இல்ல. ஊரா இது? எங்க ஊரு சேரன்மாதேவிப் பக்கம், ஆத்தங்கரை. வாசல்ல இருந்து இறங்கினா தண்ணி. அங்க வளந்தவளை, ரயில்வே மாப்பிள்ளைன்னு சொல்லி இந்தப் பொட்டல்ல கொண்டாந்து தள்ளிட்டாக. அப்போ இங்க என்ன இருந்துச்சுங்கிற? ரயில் லயன் போட்டுக் கொஞ்ச நாளாகியிருக்கும். வெயில்ல வெடிச்ச கரிசல், கண்ணுக்கு எட்டின வரைக்கும் ஒரு மரம் கிடையாது. எஞ்சினுக்குத் தண்ணி பிடிக்கிற தொட்டி, நிலக்கரிக் குமி, எஞ்சின் ஷெட்டு, ஒரு வரிசை லயன் வீடு. தண்ணித் தொட்டி ஒழுகுற ஈரத்துல ஒத்த வேப்பங்கன்னு. ஸ்டேஷனுக்குப் பேரு செங்குளம் ரோடு. செங்குளம் எங்க இருக்கு? நாலு மைலுக்கு அங்கிட்டு. ஊரு அங்க, ரோடு இங்க. எங்களை அவுக ரோட்டுக்காரங்கம்பாக.

எங்க வீட்டுக்காரர் பாயின்ட்ஸ்மேன். கைகாட்டின்னா சிக்னலு, அது கை இறங்கினாத்தான் வண்டி நகரும். அதை ஏத்தி இறக்குறது, வண்டியை இந்த லயனுக்கும் அந்த லயனுக்கும் மாத்தி விடுறது அவுக வேலை. வந்த அன்னைக்கே கேட்டேன், எப்போ மாத்தல்னு. நாலு நாள் பொறு பிரமுன்னாக. என் பேருதான் பிரமு. நாலு நாள்தானேன்னு நான் பெட்டியில இருந்து ரெண்டு சேலையை மட்டும் வெளிய எடுத்தேன். மிச்சம் உள்ளயே கிடந்துச்சு. இந்தப் பெட்டிதான், நீ பையை வச்சிருக்கியே, இதேதான்.

நாலு நாளைக்குன்னாலும் சோறு திங்கணும்ல? காய் வாங்கச் செங்குளத்துக்கு நடக்கணும். ஒரு நாளு லெவல் கிராசிங்ல கத்தரிக்கா வண்டிக்காரன் கேட்டு திறக்கக் காத்துக்கிடந்தான். ஏய்யா, சும்மாதானே நிக்க, இங்கனயே இறக்கு, நாங்கல்லாம் வாயில மண்ணையா போடுதோம்னு ஒரு சத்தம் போட்டேன். இறக்கிட்டான். அடுத்த புதன்கிழமை ரெண்டு வண்டி. இப்போ புதன்சந்தைன்னா சுத்துப்பட்டு முழுக்கத் தெரியும். நான் என்ன சந்தை வைக்கணும்னா கத்தினேன்? கால் வலிச்சுது, கத்தினேன். பெறகு லயன் வீட்டுப் பிள்ளைகள்லாம் தண்டவாளத்துல விளையாண்டுக்கிட்டு அலைஞ்சுச்சு. ஸ்டேஷன் மாஸ்டரு பாலக்காட்டுக்காரரு, நல்ல மனுசன். அவரைப் பிடிச்சு ஏசினேன், ஒரு பிள்ளை சக்கரத்துல விழுந்தாத்தான் உங்களுக்குக் கண்ணு தெரியுமான்னு. பார்சல் ஷெட்டுல ஒரு வாத்தியாரைக் கொண்டாந்து உக்கார வச்சாரு. அதுதான் அந்தா நிக்கே, மேல்நிலைப் பள்ளிக்கூடம். பஞ்சு மில்லு வந்ததும், டாக்கீஸ் வந்ததும் மட்டும் என்னால இல்ல. அது தானா வந்துச்சு.

லைட்டைப் பாரு தாயி. இன்னும் இல்லையா? கொட்டுச் சத்தம் ஏதும் கேக்குதா? சரி, நேரம் இருக்கு.

என்னை இங்கன பிடிச்சு வச்சது யாருங்கிற? கொண்டம்மா. அவதான். பக்கத்து வீட்டுக்காரி. அவ வீட்டுக்காரர் திருமால்சாமி, கேங் மேஸ்திரி, தண்டவாளம் போடுற ஆளுகளுக்குத் தலைவரு. வீட்டுல தெலுங்கு பேசுதவுக. அவ தமிழும் தெலுங்கும் கலந்து கட்டி அடிப்பா. என்கிட்டப் புளி கடன் கேக்க வந்தவ, அப்படியே என் தலையில உக்காந்துட்டா.

ரெண்டாம் வருசம் கோடையில ஊருக்குள்ள அம்மை இறங்கிருச்சு. கொண்டம்மாவுக்கு ஒரே பையன், குருவையா. நடக்கப் பழகின பிள்ளை. அவனுக்கு முத்துப் போட்டு, கண்ணு ரெண்டும் ஒட்டிப்போச்சு. செங்குளத்துல மாரியம்மன் இருக்கா, பொங்கலுக்கு நாங்களும் மாவிளக்கு எடுக்கோம்னு மேஸ்திரி போயிக் கேட்டாரு. அவுக என்ன சொன்னாக தெரியுமா? நீங்க இன்னைக்கு இருப்பீக, நாளைக்கு மாத்தல்ல போயிருவீக, ஊரில்லாதவுகளுக்கு எங்க அம்மன் எப்படிக் கண்ணு திறப்பான்னுட்டாக. மனுசன் வெயில்ல நாலு மைல் நடந்து வந்து, தொட்டியடியில உக்காந்து அழுதாரு. ஆம்பளை அழுது நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

எனக்கு வந்துச்சே கோவம்! எனக்கே இந்த ஊரு பிடிக்காது, அது வேற சங்கதி. ஆனா அவுக யாரு அதைச் சொல்ல? அந்த வேப்பங்கன்னடியில ஒரு கல்லை நட்டு மஞ்சளைப் பூசுங்க, அம்மன் வரமாட்டேன்னா சொல்லுவான்னு கேட்டேன். கேட்டது அம்புட்டுத்தான்.

கல்லை நட்டாச்சு. பொங்கலை எப்படி வைக்கன்னு ஒரே அடிதடி. ஆளுக்கு ஒரு சீமையில இருந்து வந்தவுகல்ல? கோயமுத்தூர்க்காரன் கம்பம் நடணும்கான். தஞ்சாவூர்க்காரரு தீமிதிங்காரு. எங்க ஆளுக முளைப்பாரின்னாக. எல்லாத்தையும் வச்சுக்கிடுவோம்னு முடிவாச்சு. காப்புக்குத்தான் பெரிய சிக்கல். காப்புக் கட்டினா எல்லை தாண்டித் தங்கப்படாது, சரி, எங்களுக்கு எல்லை எது? செங்குளத்துக்கு ஆலமரம் இருக்கு, ஓடை இருக்கு. எங்களுக்கு? அப்போ எங்க வீட்டுக்காரர் வாயைத் திறந்தாக, அவுக வாயைத் திறக்கிறதே அபூர்வம். வடக்குக் கைகாட்டிக்கும் தெக்குக் கைகாட்டிக்கும் நடுவுல உள்ளது நம்ம ஊருன்னாக. எல்லாரும் சரின்னுட்டாக.

அப்போ எஞ்சின்ல போறவுக என்ன செய்வாக? ஷெட்டு ஆளுக பாதிப்பேரு வண்டியோட போயி, அந்தக் கோடியில தங்கி, மறுநாள் திரும்புறவுக. மேஸ்திரி தாடையைத் தடவிக்கிட்டே இருந்தாரு. கடைசியில, எஞ்சின் நம்ம ஷெட்டு எஞ்சின், நம்ம தண்ணி, நம்ம கரி, எஞ்சின் மேல படுத்தா ஊருக்குள்ள படுத்த மாதிரிதான்னாரு. சிரிக்காத தாயி. நிசமா. அந்தப் பொங்கல் முழுக்க, எஞ்சினுக்குக் கரி அள்ளிப் போடுற பயர்மேனுக அந்தக் கோடியில போயி, ரூமை விட்டுட்டுக் கரி மேல சாக்கை விரிச்சுப் படுத்தானுவ. இன்னாசின்னு ஒரு பயர்மேன், வேதக்காரப் பையன், ஏசுசாமியைக் கும்பிடுதவன், அவனுக்கும் மாரியம்மனுக்கும் என்ன? உனக்கு எதுக்குடான்னு கேட்டா, நானும் ரோட்டுக்காரந்தானே அக்காங்கான். முகமெல்லாம் கரி, பல்லு மட்டும் தெரியும்.

நான் மட்டும் இந்தக் கூத்துல சேரலை. எனக்கு அப்போ நிறைமாசம் நெருங்குது. தலைப்பிரசவம், தாய் வீட்டுக்குப் போகணும். காப்புக் கட்டுற அன்னைக்கே சாயங்கால வண்டிக்கு எங்க அண்ணன் கூட்டிப்போக வந்துட்டான். எனக்குள்ள ஒரே சந்தோசம். போனா திரும்ப வாரதில்லைன்னு மனசுக்குள்ள முடிச்சுப் போட்டுட்டேன். யார்கிட்டயும் சொல்லலை. பிள்ளையைப் பெத்துக்கிட்டு ஆத்தங்கரையிலயே இருந்துட்டா, அவுக மாத்தல் வாங்கித்தானே ஆகணும்?

இதே பிளாட்பாரம். அப்போ கூரை கிடையாது. இந்தப் பெட்டி, நான், எங்க அண்ணன். அந்தா, அந்தக் கோயில் கோபுரம் தெரியுதுல்ல? அங்கனதான் வேப்பங்கன்னு. கூட்டமா நிக்காக. மேஸ்திரி கையில காப்புக் கயிறு. வண்டியும் வந்துருச்சு. கைகாட்டியை இறக்கி விட்டது எங்க வீட்டுக்காரர்தான். என் பக்கம் திரும்பிக்கூடப் பாக்கலை. பாத்தா போகாதேன்னு வாய் தவறிச் சொல்லிருவேனோன்னு பயந்துட்டேன்னு பெறகு சொன்னாக. கிறுக்கு மனுசன், சொல்லியிருக்கலாம்ல?

ஒத்தக் காலைப் படியில வச்சுட்டேன். அப்போதான் அங்கிட்டுக் குலவை போட்டாளுக. குலவை விழுந்தாத்தானே காப்பு? அம்மன் சம்மதிச்சாங்கிறதுக்கு அதுதானே அடையாளம்? போட்டாளுக பாரு ஒரு குலவை. கொண்டம்மா ஆளுகளுக்கு அது பழக்கமே கிடையாது. கோயமுத்தூர்க்காரி வேற என்னமோ சத்தம் குடுக்கா. தண்ணியில நனைஞ்ச பூனை கத்துற மாதிரி இருக்கு. ரெண்டு தரம் போட்டாளுக, ரெண்டு தரமும் பாதியில அந்து போச்சு. மேஸ்திரி கயித்தைப் பிடிச்சுக்கிட்டு முழிக்காரு. கொண்டம்மா வீட்டைத் திரும்பித் திரும்பிப் பாக்கா, உள்ள பிள்ளை கிடக்கான்ல.

எங்க ஊருல நான் குலவை போட்டா அக்கரைக்குக் கேக்கும் தாயி. எத்தனை நேரந்தான் அந்தக் கண்ராவியைக் கேட்டுக்கிட்டு நிக்க? இப்படிடீ போடணும்னு, படியில நின்ன மேனிக்கே ஒண்ணு போட்டேன். சும்மா காட்டித்தான் குடுத்தேன். அதுகளுக்குத் தெரியலையேன்னு ஒரு இரக்கம். வேற ஒண்ணும் இல்ல.

அங்கிட்டு அத்தனை பேரும் திரும்பிட்டாக. மேஸ்திரி, தாயே வந்துட்டான்னு கயித்தைக் கட்டிட்டாரு. கொண்டம்மா ஓடி வாரா, தண்டவாளத்தைத் தாண்டி, தலை அவுந்து கிடக்கு. வந்து என் கையை இந்த இடத்துல பிடிச்சா. போவத்து பிரமு, போவத்துங்கா. போகாதேன்னு அர்த்தம். குலவை போட்டவ எல்லை தாண்டினா அம்மனும் கூடவே போயிருவா, எம்பிள்ளை பிழைக்காதுன்னு என் காலடியில உக்காந்துட்டா. நகம் பதிஞ்சு எனக்குக் கையில ரத்தம். எங்க அண்ணன் உள்ள இருந்து கத்துதான், அந்தக் காலையும் எடுத்து உள்ள வையிடீன்னு. வண்டி ஊதிருச்சு. நான் காலை எடுத்தேன். எடுத்துக் கீழ வச்சுட்டேன்.

பாத்துக்கோ. என்னை அவ பிடிச்சு வச்சுட்டா. எங்க அண்ணன் அல்வாப் பொட்டலத்தை ஜன்னல் வழியா வீசிட்டுப் போனவன், மூணு வருசம் பேசலை. தலைப்பிரசவம் பாக்கக் குடுத்து வைக்கலையேன்னு எங்க ஆத்தா சாகிற வரைக்கும் சொல்லிச் சொல்லி அழுதா. எல்லாம் யாரால? நீயே சொல்லு.

பொங்கல் முடியலை, அதுக்குள்ள எனக்கு வலி எடுத்துருச்சு. பட்டப்பகல். மருத்துவச்சி செங்குளத்துல இருக்கா. முந்தியெல்லாம் கூப்பிட்டா வரமாட்டா, அந்தப் பொட்டலுக்கு யாரு வருவாம்பா. மேஸ்திரி தண்டவாளத்துல தள்ளுற டிராலியை எடுத்துக்கிட்டு ஆளுகளோட ஓடினாரு. ஸ்டேஷன்தான் இங்க, லயனு செங்குளத்து ஓரமாத்தானே போகுது. அம்மன் உள்ள ஊருதானே, வாரேன்னு ஏறி உக்காந்துட்டாளாம். டிராலி மேல குடையைப் பிடிச்சுக்கிட்டு மகாராணி மாதிரி வந்தா. எதுக்க வண்டி வருது, விட்டா டிராலியில மோதிரும். எங்க வீட்டுக்காரர் கைகாட்டியை இறக்கலை. வண்டி அங்கனயே நின்னு ஊதுது, ஊதுது, ஊதிக்கிட்டே இருக்கு. எஞ்சின்ல இன்னாசி. வெளிய எஞ்சின் கத்துது, உள்ள நான் கத்துதேன். டிராலி வந்து சேந்த பெறகுதான் அவுக கைகாட்டியை இறக்கினாக. பொம்பளைப் பிள்ளை. இந்த ஊர்ல முதல் முதல்ல பிறந்த பிள்ளை அவதான். முத்துமாரின்னு கொண்டம்மாதான் பேரு வச்சா, என்னைக் கேக்கக்கூட இல்ல. அன்னைக்கே குருவையா கண்ணைத் திறந்துட்டான். பொங்கலோட கடைசி நாளு செங்குளத்துக்காரங்க வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு வேடிக்கை பாக்க வந்தாக. வந்தவுகளுக்கு நான்தான் பானகம் குடுத்தேன். ஏன் குடுத்தேன்னு இப்பவும் எனக்கு எரிச்சல்.

அதுக்கப்புறம் என்ன? ஒவ்வொரு வருசமும் பங்குனி வந்தா பெட்டியைக் கட்டுவேன். ஒவ்வொரு வருசமும் கொண்டம்மா வந்து கையைப் பிடிப்பா, நீ இல்லாம குலவை எவ போடுவாங்கா. நான் போட்டா பின்னாலயே போடுவா. கடைசி வரைக்கும் அவளுக்கு நாக்கு திரும்பலை. எங்க வீட்டுக்காரருக்கு மாத்தல் வந்துச்சு, ஒரு தரம் இல்ல, ரெண்டு தரம் வந்துச்சு. நான்தான் வேண்டாம்னுட்டேன். பின்னே? கேட்ட நேரத்துல குடுக்காம, நான் முருங்கை வச்சு, மாடு வாங்கி, வீட்டுக்கு அடித்தளம் போட்ட பெறகு குடுத்தா? அவுகளும் போய்ச் சேந்தாச்சு.

போன ஐப்பசியில கொண்டம்மாவும் போயிட்டா.

முந்தின நாளு சாயங்காலம் என் வீட்டு வாசல்ல உக்காந்து முருங்கைக்கீரை உருவிக் குடுத்தா. காலையில எழுந்திரிக்கலை. எனக்கு அவ மேல ஆத்திரம் ஆத்திரமா வருது தாயி. என்னை இங்கன பிடிச்சு நிறுத்திட்டு, அவ மட்டும் கிளம்பிப் போயிட்டா. கீரை பாதிதான் உருவி முடிச்சிருந்தா. இனிமே என் கையைப் பிடிக்க இங்க யாரு இருக்கா? முத்துமாரி போன்ல வாம்மான்னா. வாரேன்னுட்டேன். இந்தத் தரம் தடுக்க ஆள் இல்ல. பாரு, நிம்மதியா வந்து உக்காந்துட்டேன்.

என்னது? கொட்டா? ஆமா, கொட்டுதான். ஆரம்பிச்சுட்டானுவளே! வண்டியைக் காணோமே. லைட்டைப் பாரு, லைட்டைப் பாரு. இன்னுமா சிவப்பு? காப்புக் கயித்தைக் கையில எடுத்துட்டாகன்னா... இரு. இப்போ குருவையாதான் கட்டுதான், முகமெல்லாம் அம்மைத் தழும்போட. அவனும் கிழவனாயிட்டான். பைய, நிதானமாத்தான் செய்வான். குலவை விழலையே இன்னும்.

கேட்டியா? கேட்டியா அதை? இதுக்குப் பேரு குலவையா? மைக்கு வேற வச்சுக்கிட்டு. எல்லாம் படிச்ச பிள்ளைக, வாய்க்கு முன்னாடி கையை வச்சுக்கிட்டு வெக்கப்படுதுக. நின்னு போச்சு. மறுபடி போடுதுக. அதே பூனை. குருவையா கயித்தைப் பிடிச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு நிப்பான், அவுக அப்பன் மாதிரியே. அவனுக்கு ஆத்தாளும் இல்ல இந்த வருசம். அட, நாக்கை மடக்குங்கட்டி! அடி வயித்துல இருந்து எடுங்க! இங்க இருந்து சொன்னா அதுகளுக்கு எங்க கேக்கப் போகுது. கொஞ்சம் தள்ளு தாயி. எந்திரிச்சுக்கிடுதேன். ஒரே ஒரு தரம். சும்மா காட்டிக் குடுப்போம்.

அம்மாடி. மூச்சு வாங்குது. தொண்டை இன்னும் இருக்கு பாத்தியா? என்னத்துக்கு இந்தப் போர்ட்டர் இப்படிப் பாக்கான்? கொட்டு உரக்கக் கேக்குதே. கட்டிட்டானா? கட்டிட்டான். குருவையா கட்டிட்டான்.

பச்சையா? இப்போத்தான் விழணுமா அதுக்கு? நான் என்ன செய்ய, அதுக போட்ட லட்சணம் அப்படி. அந்தா வண்டி வந்துருச்சு. நீ ஏறு. எஸ் ஒன்பது, ஜன்னல் ஓரம், என் சீட்டுலயே உக்காரு. டிக்கெட்டை இந்தா பிடி. பரிசோதனைக்காரரு வந்தா, கிழவி ஏறாம நின்னுட்டா, நான் அவ பேத்தி மாதிரின்னு கெஞ்சிக் கேளு, விட்டுருவாரு. பெட்டியைத் தொடாத, அது இங்கன இருக்கட்டும். இந்தக் கருப்பட்டி மிட்டாயை மட்டும் எடுத்துக்கோ. எழும்பூர்ல முத்துமாரி வந்து தேடுவா, குட்டையா, என்னை மாதிரியே படபடன்னு இருப்பா. அவ கையில குடுத்துரு.

எங்கம்மா எங்கன்னு கத்துவா. நீ பயப்படாத. உங்கம்மா ஏறத்தான் வந்தா, கொண்டம்மா ஓடி வந்து கையைப் பிடிச்சுக்கிட்டான்னு சொல்லு. செத்தவ எப்படிப் பிடிப்பான்னு கேப்பா. இல்ல, கேக்கமாட்டா. அவளும் கைகாட்டிக்கு இந்தப் பக்கம் பிறந்தவதானே. ஏறு தாயி, ரெண்டு காலையும் உள்ள எடுத்து வையி, வண்டி நகருது.